ஏழு பேர் ஏறும் காருக்கு எந்த ரிம்?

கஹவத்தை நகரில் ஒரு டயர்க் கடையில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். அங்கு நான் செய்த முதல் பெரிய தவறு, ஒரு வாடிக்கையாளருக்கு முற்றிலும் சரியான ஆலோசனையைச் சொன்னதுதான். இத்தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு அது பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

1. மிஸ் பாடம் எடுக்கிறார்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சமூகவியலில் பட்டம் பெற்று ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதக்கூடிய ஒருவர் தமக்குத் தேவை என்று கடை முதலாளி ஹாஜியார் என் தந்தையிடம் கேட்டிருந்தார். நியமனம் வரும்வரை என்று போனேன். நியமனம் வந்தபோது எனக்கு டயரின் வாசனை பழகிவிட்டிருந்தது.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றதால் எல்லோரும் என்னை ‘மிஸ்’ என்றே அழைத்தார்கள். நானும் அந்தப் பெயருக்கேற்ப நடந்துகொண்டேன். கெட்டலொக் புத்தகங்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். டயர் வாங்க வந்தவர்களுக்குக் காற்றழுத்தம் பற்றி விளக்கினேன். ரிம் வாங்க வந்தவர்களுக்கு வீதி விபத்துகளைப் பற்றி விளக்கினேன். வீல் எலைன்மன்ட் செய்யும் சுனில், நான் வாயைத் திறந்ததுமே ஜெக்கைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார்.

“பாடம் தொடங்கிட்டுது. நான் பெல் அடிச்ச பொறகு வர்றேன், மிஸ்” என்பார். கஹவத்தையிலேயே பிறந்து வளர்ந்த சிங்களவர். தமிழில் கேலி செய்வதில் எங்களையெல்லாம் மிஞ்சியவர்.

2. லோகநாதனுக்கு நான் சொன்ன சரியான ஆலோசனை

லோகநாதன் நகரிலிருந்து ஆறு மைல் தொலைவில் உள்ள தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து சொந்தமாகக் கார் வாங்கிய முதல் ஆள் என்று அத்தோட்டத்தில் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். அது எண்ணூறு சீசீ எஞ்சின் கொண்ட சிறிய இந்தியக் கார். நான்காவது கைக்கு வந்தது. அதை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி, கோயில், டவுன் என்று தோட்டத்து மக்கள் அவரையே கூப்பிட்டார்கள். ஆனால் கல்யாணம் என்று வந்தால் மட்டும், கொடகவெலயிலிருந்து ஒரு பளபளப்பான வேனைக் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் அவர் மிகுந்த உற்சாகத்தோடு கடைக்குள் வந்தார்.

“மிஸ், மொத கல்யாண ஹயர் கெடைச்சிருச்சுங்க. எங்க தோட்டத்து புஷ்பராணிக்குக் கல்யாணம். பொண்ணு நம்ம கார்லதான் கோயிலுக்குப் போகுது. அலாய் ரிம் போடணும். நல்லா அகலமா, வெள்ளியாட்டம் மின்னணும்.”

வெளியே சென்று காரைப் பார்த்தேன். கம்பனி பொருத்தி அனுப்பிய பன்னிரண்டு அங்குல ஸ்டீல் ரிம்களே அதில் இருந்தன. துரு பிடித்திருந்தாலும் வளைவில்லை. அவர் கேட்டதோ பதின்மூன்று அங்குல அகல ரிம். நான் பாடத்தைத் தொடங்கினேன். கம்பனி ரிம் அந்தக் காரின் எடைக்கும் மட்கார்டின் இடைவெளிக்கும் அளந்து செய்யப்பட்டது. தோட்டத்து ரோட்டில் மழைநீர் ஓடும் கான்களின் மேல் ஏறி இறங்கும்போது ஸ்டீல் வளையும்; வளைந்ததைத் தட்டி நிமிர்த்தலாம். மலிவான அலாய் வெடித்துவிடும். வெடித்ததை ஒட்ட முடியாது. அகலமான டயர் மட்கார்டில் உரசவும் கூடும். இவை அத்தனையும் உண்மை. அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

“நோயாளிகளை ஏற்றிப்போகிற கார் இது. ஒரு நாள் அழகுக்காக அவர்களுடைய உயிரோடு விளையாடுவது பொறுப்பான செயலா என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் காருக்கு நான் அலாய் ரிம் விற்கமாட்டேன்” என்றும் சொல்லிவிட்டேன்.

லோகநாதனின் முகம் சுருங்கியது.

“நீங்க சொல்றது சரிதாங்க மிஸ். ஆனா எங்க ஆளுங்க கல்யாணத்துக்குப் போறப்ப மட்டும் டவுன் வேன் எதுக்குக் கூப்பிடுறாங்க? நம்ம வண்டிய பார்த்தா அவங்களுக்கே வெக்கமா இருக்கு. இந்த ஒரு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிட்டா பொறகு எல்லாரும் என்னைய கூப்பிடுவாங்க. இது கெட்டுப் போச்சுன்னா இனி ஆஸ்பத்திரிக்கு மட்டுந்தான்.”

நான் கடைக்குள் திரும்பிவிட்டேன். அவர் போன பிறகு ஹாஜியார் கேட்டார்:

“புள்ள, அவரு இப்ப எங்க போற? வீட்டுக்கா?”

“தெரியாது ஹாஜியார்.”

“எனக்குத் தெரியும். இரத்தினபுரிக்கு. அங்க அவருக்கு ஒத்தரும் பாடம் எடுக்க மாட்டாங்க. கேட்டத பூட்டி அனுப்புவாங்க. இங்கயாச்சும் எங்கட சுனில் அளந்து பார்த்துப் போட்டிருப்பான்.”

சுனில் பெல் அடிப்பதுபோல ஸ்பெனரால் ஒரு ரிம்மைத் தட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. பதினாறு நட்

கல்யாண நாள் காலை எட்டு மணிக்குக் கடைத் தொலைபேசி ஒலித்தது. தோட்டத்துத் தேயிலை பெக்டரி ஒஃபிஸிலிருந்து லோகநாதன் பேசினார்.

“மிஸ், திட்டணும்னா பொறகு திட்டுங்க. இப்ப ஒரு ஒதவி செய்யுங்க. பொண்ண ஏத்திக்கிட்டு எறக்கத்துல வந்தேன். மொத வளைவுல டயர் மட்கார்டுல ஒரசி, பொகை வந்திருச்சு. பெக்டரி கேட்டுக்கிட்ட நிக்கிறோம். பத்தரைக்கு முகூர்த்தம்.”

“முதல் நாள் ஓட்டிப் பார்க்கவில்லையா?”

“பார்த்தேங்க. இரத்தினபுரியிலருந்து தனியா ஓட்டிக்கிட்டு வந்தேன். பஞ்சு மாதிரி வந்துச்சு.”

“இப்போது காரில் எத்தனை பேர்?”

“என்னையோட ஏழு பேருங்க. மூனு பேர் சின்னப் புள்ளைங்க, அத கணக்குல எடுக்காதீங்க.”

தனியே ஓட்டும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்திருக்கும். ஏழு பேர் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி அந்த இடைவெளி மறைந்துவிட்டது. கெட்டலொக்கை மனப்பாடம் செய்திருந்த நானும், இந்தக் காரில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அன்று கேட்கவில்லை.

பழைய ஸ்டீல் ரிம்கள் எங்கே என்று கேட்டேன். லயத்துக் கூரைத் தகரம் காற்றில் பறக்காமலிருக்க, நான்கையும் டயரோடு தூக்கி மேலே வைத்திருந்தாராம். இறக்கிக் கொண்டுவர ஆட்கள் போயிருந்தார்கள். சிக்கல் ரிம்மில் இல்லை, நட்டில் இருந்தது. அலாய் ரிம்முக்குக் கொடுக்கப்படும் ஒல்லியான நட், ஸ்டீல் ரிம்மின் குழியில் சரியாக உட்காராது. இறுக்கினாலும் ஓட்டத்தில் கழன்றுவிடும். பழைய நட்களை இரத்தினபுரிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சக்கரத்துக்கு நான்கு வீதம் பதினாறு நட் தேவை.

ஹாஜியார் பெட்டியிலிருந்து நட்களை எண்ணி எடுத்தார். “சுனிலோட நீங்களும் போங்க, புள்ள” என்றார். நட்களை என் கைப்பையில் போட்டுக்கொண்டு சுனிலின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் கைப்பை சலங்கைபோல ஒலித்தது.

“நாங்களும் கல்யாணத்துக்குத்தானே போறது மிஸ், மேளம் வேணும்” என்றார் சுனில்.

4. ஈயத்தாள்

பெக்டரி கேட்டின் அருகே, ஒஃபிஸ் கதிரை ஒன்றில் கூறைச்சேலையோடு மணப்பெண் அமர்ந்திருந்தாள். அழுதுகொண்டிருப்பாள் என்று பயந்து போனேன். அவளோ, லோகநாதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“லோகு மாமா, நான் நடந்தே போயிருந்தாலும் இந்நேரம் கோயில்ல இருப்பேன்.”

“சும்மா இரு புள்ள. முகூர்த்தத்துக்கு நேரமாகுது.”

சுனில் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி மாற்றினார். நட்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒன்பதரை மணிக்குக் கார் ஓடத் தயாராகிவிட்டது. ஆனால் ரிம்களைப் பார்த்த லோகநாதன் தரையில் குந்திவிட்டார். துரு, பாசி, போதாததற்கு ஒன்றில் கோழி எச்சம். மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கொடகவெல வேனில் வந்திருப்பார்கள். அதன் சொந்தக்காரரும் வாசலில் நிற்பார்.

“பொண்ணு ஏறுற வண்டி மிஸ். இத பார்த்தா என்னா சொல்வாங்க?”

முன்பானால், பத்திரமாகப் போய்ச் சேர்வதே முக்கியம் என்று சொல்லியிருப்பேன். அன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர் அலாய் கேட்டது வீண் பகட்டுக்கு அல்ல என்பது கேட்டைச் சுற்றிக் கூடியிருந்த சனங்களின் நடுவில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. மணப்பெண்ணின் பக்கம் திரும்பினேன்.

“துருவை மறைக்க இங்கே ஏதாவது கிடைக்குமா?”

அவளுடைய தாய் பாக்கியம் அக்கா, பெக்டரியின் பெக்கிங் ரூமில் வேலை செய்பவர். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

“ஈயத்தாள் இருக்குங்களே மிஸ்! தேயிலப் பெட்டிக்குள்ள விரிக்கிறது. கண்ணாடி தோத்துப்போகும்.”

தோட்டத்துப் பொருளைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று நான் சொன்னேன். பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் போனோம். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் காரையும் பெண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பெட்டிக்கு வெட்டின தாள்ல கை வைக்காதீங்க. கிழிஞ்சது மூலையில கெடக்கு, அள்ளிக்கங்க. லேபல் ஒட்டுற பசையும் இருக்கு. ஆனா ஒன்னு, என் பெக்டரிச் சாமான் கொடகவெல வேனுக்குத் தோத்துச்சுன்னு மட்டும் கேள்விப்படக்கூடாது.”

பெக்கிங் ரூமிலிருந்து நான்கு பெண்கள் ஓடிவந்தார்கள். தினமும் பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் தாளை மடித்துப் பழகிய கைகள். சாக்கால் ரிம்களைத் துடைத்து, பசை தடவி, தாளை விரலால் அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு துவாரத்தின் விளிம்பிலும் மடித்துவிட்டார்கள். நட்டின் மேலும் காற்றடிக்கும் வால்வின் மேலும் தாள் படக்கூடாது என்று சொன்னது மட்டுமே என் பங்களிப்பு. பதினைந்து நிமிடத்தில் நான்கு சக்கரங்களும் வெயிலில் கண்ணைப் பறித்தன.

அதன் பிறகு சுனில் ஒரு காரியம் செய்தார். ஏழு பேரையும் ஏறச் சொன்னார். ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுதாகத் திருப்பச் சொல்லி, குனிந்து மட்கார்டுக்குள் கைவிட்டுப் பார்த்தார்.

“ஹரி, சரிதான். தாராளமா எடம் இருக்கு. மிஸ், நீங்களும் ஏறினா எட்டு. ஏறுறீங்களா?”

நான் மோட்டார் சைக்கிளிலேயே பின்னால் போனேன். கோயில் வாசலுக்குப் பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கொடகவெல வேன்காரர் காரைச் சுற்றி வந்து, குனிந்து, ஒரு ரிம்மை நோக்கி விரலை நீட்டினார்.

“தொடாதீங்கண்ணே, எக்ஸ்போர்ட் சாமான்!” என்று கத்தினார் லோகநாதன்.

தேயிலைப் பெட்டித் தாளைப் பற்றி அதைவிட உண்மையான வாக்கியத்தை யாரும் சொல்லியிருக்க முடியாது.

5. பிறகு

அடுத்த வாரம் லோகநாதன் அலாய் ரிம்களோடு வந்தார். இம்முறை நான் பேனாவை எடுத்துக்கொண்டு கேள்வி மட்டும் கேட்டேன். எத்தனை பேர், எந்த ரோடு, மாதத்தில் எத்தனை கல்யாணம். அவரே யோசித்து முடிவு சொன்னார். கம்பனி ரிம்மைச் சுரண்டி வெள்ளி பெயின்ட் அடித்து, மின்னும் வீல் கப் போடுவது. அலாய் ரிம்களும் வீண்போகவில்லை. டவுனில் அதே கார் வைத்திருந்த ஓர் ஆசிரியை அவற்றை ஆசையோடு வாங்கிக்கொண்டார். அவரும் கணவரும் மட்டுமே போவார்கள், அதுவும் தார் ரோட்டில். சுனில் அளந்து பார்த்துப் பொருத்திய அந்த ரிம்கள் பல வருடங்கள் அழகாக ஓடின. கம்பனி பொருத்தாத வெளி ரிம் எல்லாமே கெட்டது என்று நான் முன்பு சொல்லிவந்ததும் சரியல்ல.

லோகநாதனுக்குக் கல்யாண ஹயர்கள் வரத் தொடங்கின. ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு மழைநாளில், வளைந்துபோன ஸ்டீல் ரிம் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

“கான்ல எறக்கிட்டேன் மிஸ். வேகமா போக வேண்டியதாப் போச்சு. புஷ்பராணிக்கு வலி வந்திருச்சு.”

“ஐயோ! அவளுக்கு என்ன ஆனது?”

“ரிம்தான் வளைஞ்சிச்சு, உள்ளுக்கு டியூப் இருந்ததால காத்து போகல. அப்பிடியே ஆட்டி ஆட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டேன். பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க. ரெண்டு பேரும் சொகம்.”

சுனில் ரிம்மை வாங்கி, சுத்தியலை எடுத்துத் தட்டத் தொடங்கினார். ஹாஜியார் கதிரையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார்.

“என்ன புள்ள, இன்டைக்குப் பாடம் இல்லையா?”

“இல்லை ஹாஜியார்.”

எங்கள் கடையின் ஓர்டர் படிவத்தில் காரின் மாதிரி, வருடம், ரிம் அளவு என்று வரிசையாக இருக்கும். அன்று மாலை எல்லாவற்றுக்கும் மேலே, என் கையெழுத்தில், “காரில் எத்தனை பேர் ஏறுவார்கள்?” என்று ஒரு வரி சேர்த்தேன். பிறகு அது அச்சிலும் ஏறியது. நீங்களும் அதை முதலில் கேளுங்கள். கெட்டலொக்கைப் பிறகு திறக்கலாம். பெரும்பாலானோர் அந்த இடத்தில் நான்கு என்றுதான் எழுதுவார்கள். எழுதட்டும். நான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, வெளியே காரிலிருந்து இறங்குகிறவர்களை எண்ணிக்கொள்வேன், சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து.