முப்பத்திரண்டு டேப்பும் ஒரு கணக்கு டீச்சரும்

பிள்ளைகளுக்கு அரசாங்கம் டேப்லெட் கொடுத்தபிறகு வாத்தியார் வேலை சுலபமாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் ஒருநாள் என் வகுப்புக்கு வந்து நிற்க வேண்டும். ஆந்திராவில் நகரிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். என்னைப் போல் மாட்டிக்கொண்ட டீச்சர்களே, நீங்களாவது திட்டாமல் படியுங்கள்.

அவர் பேசட்டும்

முதல் நாள் பின்னங்கள் பாடம். டேப்பில் ஒருவர் இங்கிலீஷில் மடமடவென்று விளக்கிக்கொண்டே போனார். பிள்ளைகள் முழித்தார்கள். நிறுத்தித் தமிழில் சொல்லலாம் என்றால் எதை அழுத்துவது என்று தெரியவில்லை. தொண்டை கிழிய அவருக்கு மேலே கத்தினேன். முன் பெஞ்சு பவானி கை தூக்கினாள். அவள் நைனா, அதாவது அப்பா, பவர்லூம் தறி ஓட்டுகிறவர். புரிந்துவிட்டதாக்கும் என்று சந்தோஷப்பட்டேன்.

"ஒண்ணும் புரியல மேடம். ஆனா அவர் பேசி முடிச்சிரட்டும். நிறுத்துனா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு."

பச்சை

டேப்பில் இருக்கிற பாட ஆப்பில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பத்துக் கேள்வி. தேறினால் பிள்ளையின் பேர் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. என் வகுப்பு முழுக்க சிவப்பு. மண்டல மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என் பேரைச் சொல்லி எழுப்பி நிறுத்தினார்கள். இருபது வருஷ சர்வீஸில் அப்படி நின்றதில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் டேப்பையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் பாஸ்வேர்டு பிறந்த தேதிதான், அது என் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது. உட்கார்ந்து முப்பத்திரண்டு பேருக்கும் நானே பரீட்சை எழுதினேன். தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்த சயின்ஸ் சார் அக்கறையோடு சொன்னார்:

"பர்வாலேது, ஒண்ணும் ஆகாது மேடம், அல்லாருக்கும் பத்துக்குப் பத்து போட்டுடாதீங்க, சந்தேகம் வந்துடும். நாலு பேருக்கு ரெண்டு கொறைச்சிப் போடுங்க."

போட்டேன். பவானிக்கு ஒன்பது.

பவானியின் நைனா

அடுத்த மாதம் ஒரு உத்தரவு வந்தது. சிவப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் தனி வகுப்பு, அதற்கென்று தனி டீச்சர். மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் அந்த வகுப்புக்குப் போனார்கள். எங்கள் பள்ளியில் சிவப்பே இல்லை, டீச்சரும் வரவில்லை.

பவானியின் நைனா அரைநாள் தறியை நிறுத்திவிட்டு வந்தார். "அரையும் காலும் சேர்த்தா எவ்ளோன்னு கேட்டா முழிச்சிக்கினு நிக்கிறா மேடம். அந்தத் தனி கிளாஸ்ல இவளைச் சேத்துக்கோங்க," என்றார். பக்கத்தில் பவானி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பரீட்சையை அவள் எழுதவே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் டேப்பைத் திருப்பி அந்த ஒன்பதைக் காட்டினேன். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான்தான் தப்பா நெனச்சிக்கினேன் மேடம். இவ்ளோ நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க, மன்னிச்சிக்கோங்க."

பவானி

அந்தக் கும்பிடு என்னைச் சோறு தின்ன விடவில்லை. காலையில் ஹெட்மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒருத்தியின் மார்க்கை மாற்றினால் மீதி முப்பத்தொன்றையும் தோண்டுவார்கள், பேசாமல் போங்கள் என்றார். பவானியைக் கூப்பிட்டேன். "தப்பு என்னுதும்மா. நானே வீட்டுக்கு வந்து உங்க நைனாகிட்ட சொல்லிடறேன்," என்றேன். அவள் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"வேணாம் மேடம். எம்பொண்ணு கணக்குல கெட்டின்னு நைனா தறியில அல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காரு. நீங்க எனக்கு சொல்லிக் குடுங்க, அது நெஜமாயிடும்."

எட்டாம் வகுப்புக் கணக்கை முப்பத்திரண்டு தடவை எழுதியும் தேறாத இந்த டீச்சர், இப்போது தினமும் நாலு மணிக்கு மேல் முப்பத்திரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து அரையையும் காலையும் கூட்டிக்கொண்டிருக்கிறாள்.