முயலுக்காகப் பிடித்த விரதங்கள்

நான் மீன் இல்லாமல் சோறு தின்னாத பிறவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்காது.

கண்டிக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர் உத்தியோகம் கிடைத்து வந்த காலம். திருகோணமலை வீதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில், இரண்டு அறைகளில் நானும் மனைவியும் குடியிருந்தோம். கடைக்காரரே வீட்டுக்காரர். அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். தங்கமான மனிதர். ஆனால் மாடியில் பிராணி எதுவும் வளர்க்கக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். முன்பு குடியிருந்தவரின் நாய், இவர் பள்ளிவாசலுக்குப் புறப்படும் நேரம் பார்த்து ஓடிவந்து சாரத்தை நக்குமாம். மனிதர் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போய்க் கழுவி, உடுப்பு மாற்றி, தொழுகைக்குப் பிந்திப் போயிருக்கிறார். அந்த நாயின் பாவம் எங்கள் தலையில் விடிந்தது.

என் மனைவி யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவள். கண்டி மழை அவளுக்குப் பிடிக்கவில்லை. பேச ஆளில்லை, சிங்களம் தெரியாது. நான் கந்தோரால் வரும்போது பாதி நாட்கள் கண் சிவந்திருக்கும். கேட்டால் அடுப்புப் புகை என்பாள்.

அப்போதுதான் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் வேலை பார்த்த என் ஊர்ச் சிநேகிதர் ஒரு தேயிலைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "கறி வையுங்கோ, நல்ல இளசு" என்றார். மனைவி மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்த வெள்ளை முயல் அவள் விரலை மணந்து பார்த்தது. அவள் சிரித்தாள். கண்டிக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். கறி என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

முயல் அலுமாரிக்குக் கீழே குடிபுகுந்தது. என் சப்பாத்துக் கயிற்றைத் தின்றது, கதிரைக் காலைக் கொறித்தது, கோபம் வந்தால் பின்னங்காலால் பலகைத் தரையில் தொம் தொம் என்று அடித்தது. சத்தம் கேட்டுவிடுமோ என்று நான் ஒவ்வொரு அடிக்கும் பொய்யாக இருமினேன். அந்த ஒரு மாதம் எனக்குக் காசநோய் என்று கடையில் பேசிக்கொண்டார்களாம்.

இருமலால் சத்தத்தை மறைக்கலாம், புழுக்கையை எப்படி மறைப்பது? பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. நேர் கீழே மிளகுச் சுளகு இருந்தது.

ஒரு காலை நானா மாடி ஏறி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "தம்பி, இருவது வருசமா மொளகு யாவாரம் செய்றேன். இப்பிடிப் பருத்த மொளகு நான் கண்டதில்ல."

அந்த நேரம் பார்த்து முயலும் அலுமாரிக்குக் கீழிருந்து வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தது.

மனைவி கீழே பைப்படியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். முயல் போனால் அவள் சிரிப்பும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். நாக்கு தானாகவே புரண்டது.

"வளர்க்கேல்லை நானா. தீபாவளிக்குக் கறி வைக்க."

நானாவின் முகம் மலர்ந்தது. "கறிக்கெண்டா பரவாயில்ல. ஆனா அறுக்கிற அண்டைக்கு என்னக் கூப்பிடுங்க. நானே பிஸ்மி சொல்லி அறுத்துத் தாரேன். இல்லாட்டி நீங்க கறி அனுப்பினாலும் எனக்குத் தின்ன ஏலாது."

அடுத்த நாளிலிருந்து அவரே முட்டைக்கோவா இலையும் கரட் தழையும் கொண்டுவந்து ஊட்டத் தொடங்கினார். இறைச்சி ஏறட்டும் என்று செய்கிறாராக்கும் என நினைத்தேன். மனைவியோ, நானாவுக்கு முயலில் எவ்வளவு பாசம் என்று உருகினாள். நான் இருவருக்கும் நடுவில் திருட்டு முழி முழித்தேன்.

தீபாவளி வந்தது. நானா கத்தியைத் தீட்டிவிட்டதாகச் சொல்லியனுப்பினார். நான் கேதாரகௌரி விரதம் என்றேன். மறுநாள் கந்தசஷ்டி தொடங்கிவிட்டது என்றேன். பிறகு கார்த்திகை, பிறகு இருபத்தொரு நாள் பிள்ளையார் கதை விரதம். சைவ சமயத்தில் இவ்வளவு விரதங்கள் இருப்பதை எண்ணி வாழ்க்கையில் முதல் தடவையாக மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான். எங்கள் படிக்கட்டு கடைக்குள்ளால்தான் ஏறும். மீன்காரர் வந்தால் நானாவே மறித்து, "மேலுக்குப் பெய்த்திராத, தம்பி வெரதம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு அழுகை வரும். மனைவிக்கோ பெருமை தாங்கவில்லை. உங்கள் மருமகன் சாமியாகிவிட்டார் என்று அவள் ஊருக்குக் கடிதம் எழுத, மாமியார் விபூதிப் பொட்டலம் அனுப்பிவைத்தார்.

திருவெம்பாவை நாட்களில் கந்தோர் வேலையாகக் கண்டிக்கு வெளியே பிலிமத்தலாவைக்குப் போனேன். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து மீன் குழம்பு வாசம் வந்தது. கால்கள் என்னைக் கேட்கவில்லை. இரண்டு துண்டு போடச் சொல்லி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெட்கம் கெட்டுச் சாப்பிட்டேன். முள்ளைச் சூப்பிக்கொண்டே நிமிர்ந்தால், எதிரில் கையில் தேத்தண்ணியுடன் நானா.

அவர் கதிரையை மெதுவாகத் திருப்பி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன். மனைவி முயலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்; பசியில்லை என்று போய்ப் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் நானா வந்தார். கையில் கத்தி இல்லை, பஞ்சாங்கம் இருந்தது. பக்கத்துத் தெருச் சைவக் கடையில் வாங்கினாராம். பக்கம் பக்கமாகப் பென்சில் கோடு போட்டிருந்தார்.

"தம்பி, ஒங்கட வெரதமெல்லாம் பாத்துக் குறிச்சேன். திருவெம்பாவை முடிய தைப்பூசம், பொறகு சிவராத்திரி. அதோட ஒண்டுமில்லயேண்டு பயந்துட்டேன். பொறகு பாத்தா பிரதோசமாம், மாசத்துக்கு ரெண்டு தரம் வருதாம். அமாவாச ஈக்குது, வெள்ளிக்கெழம ஈக்குது. இந்த மொயல அறுக்க வருசத்துல நாளே கெடையாது."

சொல்லிக்கொண்டே மடியிலிருந்து கோவா இலையை எடுத்து நீட்டினார். முயல் ஓடி வந்து அவர் காலடியில் நின்றது. அந்தக் கத்தி தீட்டப்படவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு மாதம் அவரும் என்னைப்போலவே பயந்துகொண்டிருந்திருக்கிறார். வளர்க்கக்கூடாது என்று சொன்ன வாய், வளருங்கள் என்று எப்படிச் சொல்லும்?

"நானா, நேற்று அந்த மீன்..." என்று இழுத்தேன்.

"மொயல் பொறந்ததிலேருந்து மரக்கறிதானே தம்பி. வெரதத்த அது புடிக்கும். நீங்க மீனத் தின்னுங்க."

கதவடியில் என் மனைவி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

அன்று மத்தியானம் மீன்காரர் மாடி வரைக்கும் வந்தார். மனைவி குழம்பு வைத்து, நல்ல நடுத்துண்டாகப் பார்த்து என் தட்டில் போட்டாள். ஆனால் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் எனக்குக் கேட்கும்படி முயலிடம் சொன்னாள்.