கிழிந்த வலைக்கு முன்னால் உறவு பேசியபோது

எங்கள் கடலோர ஊரின் விசைப்படகு உரிமையாளர் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். எல்லை தாண்டிய எங்கள் படகுகள் பிடிபட்டு, ஆட்கள் யாழ்ப்பாணச் சிறையில் இருந்த சமயம் அது. அவர்களை மீட்கப் பேச்சுவார்த்தைக்கு அங்கே போனோம்.

மண்டப வாசலில் எங்கள் சங்கத் தலைவர் என்னிடம், “ஸ்டெல்லா, மொழி, கோயில், உறவுமுறை இத மட்டும் பேசும்மா. நம்ம இழுவை மடி வலையப் பத்தி எவனாவது எடுத்தா பேச்ச மாத்திடு” என்றார்.

எதிரே அந்த ஊர் மீனவர்கள், தமிழ் பேசும் அந்நாட்டு அரசு அதிகாரி ஒருவர். நான் “நாம எல்லாரும் ஒரே சனம்” என்று தொடங்கியதுமே ஒரு பெண் எழுந்தார். ராஜேஸ்வரி. கணவர் இறந்தபின் தானே கடலுக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தவர்.

“தங்கச்சி, உங்கட பாட்டு எங்கட வீட்டிலயும்தான் கேக்குது. ஆனா உங்கட போட் வந்து போனா, விடிய எங்கட வலை துண்டு துண்டாக் கிடக்கு. சொந்தக்காரர் செய்யிற வேலையே இது?”

காவிரியில் தண்ணீர் வராமல் அப்பாவின் குறுவைப் பயிர் கருகியபோது, ஆற்றின் மேல்பக்கத்து மாநிலத்தவர் பேசிய சகோதரப் பாசம் எங்களுக்கு எரிச்சலைத்தான் தந்தது. அந்த எரிச்சலை அவர் முகத்தில் பார்த்தேன். தலைவர் முறைத்தார். நான் பேச்சை மாற்றவில்லை.

“அக்கா, நீங்க சொல்றது நிஜம். எங்க மடி உங்க கடல அடியோட வாரிக்கிட்டுப் போவுது. அத நிறுத்தாம உறவுன்னு பேச எங்களுக்கு வாயில்ல.”

அதிகாரி சிரித்தார். “அப்ப கைது சரிதானே? எங்கட நாட்டு நலன்...”

ராஜேஸ்வரி அவர் பக்கம் திரும்பினார். “நீங்க பிடிச்சு வச்சிருக்கிறது கூலிக்கு வந்த பெடியளை. அவங்களை விடுங்கோ. போட்டை விடாதேங்கோ. முதலாளி வந்து பதில் சொல்லட்டும்.”

“அக்கா சொல்றதுதான் நியாயம்” என்றேன்.

வெளியே வந்ததும் தலைவர் கத்தினார். “நாட்டக் காட்டிக் குடுத்துட்டியே!”

“படகு வச்சிருக்கிற நாலு பேரு நலன், நாட்டு நலன் ஆயிடாதுங்க தலைவரே.”

பிறகு ஆட்களை விட்டார்கள், படகுகளை விடவில்லை. ஊர் திரும்பியதும் என் வேலை போனது. விடுதலையான கூலி மீனவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கி என்னைக் கூப்பிட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். நியாயம் கேட்பவரின் வாயை உறவைச் சொல்லி அடைக்காதீர்கள். அடைக்கச் சொல்பவர் உங்கள் தலைவராகவே இருந்தாலும், அவர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லுங்கள்.