உம்ராப் பையோடு வந்த அரிப்பு

போன வருடம், நான் மக்காவுக்கு உம்ராப் பயணம் புறப்படப் பன்னிரண்டே நாட்கள் இருந்தபோது கல்முனைக்குடியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. தையல்தான் தொழில். எங்கள் பயணக் குழுவுக்கான தோள்பைகளைத் தைக்கும் ஓடர்கூட எனக்கே கிடைத்திருந்தது. ஒவ்வொரு பையைத் தைத்து முடிக்கும்போதும் கஃபாவுக்கு ஓர் அடி கிட்டப் போய்விட்டது போல மனம் துள்ளும்.

ஆனால் அந்த நாட்களில் மெஷினில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. சொல்ல வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன். கீழே அப்படி ஓர் அரிப்பு!

காரணம் நானேதான். மாதவிடாய் நேரத்தில் கஃபாவைச் சுற்றித் தவாப் செய்ய முடியாது என்பதால் எங்கள் பக்கத்தில் பல பெண்கள் அதைத் தள்ளிப்போடக் குளிசை போடுவார்கள். பக்கத்து வீட்டு மச்சி, கணவரின் தங்கை, அதற்கு முந்திய வருடம் உம்ரா போய் வந்தவள். மிச்சமிருந்த குளிசைகளை ஆசையோடு கொண்டு வந்து தந்தாள். எப்போது தொடங்குவது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விசா வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே ஒன்றை விழுங்கிவிட்டேன். பயணத்துக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது!

பத்தாம் நாளளவில் அரிப்பும், தயிர் போல வெள்ளைப்படுதலும் தொடங்கின. சுத்தம் போதவில்லை என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு தொழுகைக்கும் முகம் கைகால் கழுவி வுழூ எடுக்குமுன் காயத்துக்குப் போடும் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவினேன். ஐந்து நேரமும் கழுவல், ஐந்து நேரமும் எரிச்சல். பார்மசிக்கும் போனேன். உள்ளே நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். தலைவலிக் குளிசை இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். எனக்குத் தலைவலியே இல்லை!

இந்த நிலையில் எப்படித் தொழுவது, எப்படித் தவாப் செய்வது? பயணத்தை நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்து அழுதேன். கடைசியில் அழுது முடித்து, டவுனில் ஒரு பெண் டொக்டரிடம் போனேன். மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழர். பரிசோதித்துவிட்டு, என்ன குளிசை போடுகிறீர்கள், என்ன போட்டுக் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது பங்கசு. அது எல்லாரிட உடம்பிலயும் கொஞ்சம் இருக்கிறதுதான். குளிசையால ஹோர்மோன் மாறக்குள்ள சிலருக்கு அது கூடிரும். நீங்க கழுவின கழுவல்ல அத அடக்கி வச்சிருந்த நல்ல கிருமியும் போயிட்டு. இது அசுத்தத்தால வந்ததில்ல, விளங்குதா?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மருந்து எழுதித் தந்தார். பிறகு மேசைக் கலண்டரை என் பக்கம் திருப்பி, விரலை வைத்து எண்ணினார். "குளிசைய இண்டைக்கே நிப்பாட்டுங்க. ரெண்டு மூணு நாளில மாதவிடாய் வரும், வரட்டும். பிளேன் ஏறுறத்துக்கு முதல் முடிஞ்சிரும். அடுத்தது நீங்க ஊருக்கு வந்த பிறகுதான் வரும்."

"அப்ப குளிசையே தேவல்லியா?" என்றேன்.

"தேவையே இல்ல. இனி ஆரும் தந்தா வாங்கிப் போடாதீங்க. அது ஆளுக்கு ஆள் பாத்துக் குடுக்கிற மருந்து."

ஓட்டோவில் வரும்போது சிரிப்பு அடங்கவில்லை. அவர் எண்ணியபடியே நடந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்காம் நாள் அரிப்பும் போன இடம் தெரியவில்லை.

டொக்டரைப் பார்த்த அன்று நேரே மச்சியிடம்தான் போனேன், ஒரு பிடி பிடிப்பதற்கு. எல்லாவற்றையும் கொட்டினேன்.  அவள் மெல்லச் சொன்னாள்: "எனக்கும் அங்க அப்படித்தான் மச்சி இரிந்த. தவாப் செய்யக்குள்ள அழுதுக்கிட்டே சுத்தின நான். துஆ கேட்டு அழுறா எண்டு சனம் நெனச்சிச்சி. இப்பயும் விட்டு விட்டு வருது."

 அவள் திரும்பி வந்த அன்று, அந்த முகத்தைப் பார்த்து, எவ்வளவு அழுதிருக்கிறாள், எவ்வளவு பக்தி என்று பொறாமைப்பட்டவள் நான்! கையோடு அவளையும் அதே டொக்டரிடம் கூட்டிப் போனேன். வேண்டாம் வேண்டாம் என்றவள், வெளியே வரும்போது என் கையை விடவே இல்லை.

உம்ராவுக்குப் போனேன். கஃபாவைக் கண்டதும் நானும் அழுதேன், சந்தோஷத்தில். அங்கே முதலில் கையேந்திக் கேட்ட துஆ அந்த டொக்டருக்கு.

இப்போது உம்ராப் பை தைக்க எந்தப் பெண் வந்தாலும், வார் எவ்வளவு நீளம் என்று கேட்ட கையோடு, "குளிசை ஆரு தந்த?" என்றும் கேட்டுவிடுகிறேன். முதலில் திடுக்கிடுவார்கள், பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்குவார்கள். என் வெட்கம் போனதில் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை, ஆனால் என் மச்சி வெட்கப்பட்டதற்கு விலையாக அவளுடைய முதல் உம்ராவையே கொடுத்துவிட்டாள் என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.