உழவன் மனைவியின் இடுப்பு

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இரண்டு பிளாஸ்டர் பெண்கள் உருவாகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காட்டில் கிழங்கு தோண்டித் தின்ற காலத்தவள். இன்னொருத்தி முதன்முதலாக விதைத்து அறுத்த காலத்தவள். அவர்களைச் செய்தவளை அங்கே எல்லோரும் பொம்மைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

காப்பாட்சியர் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டுக்காரிக்கு ஒட்டிய வயிறு, பேயறைந்த முகம். உழவன் மனைவிக்கோ உப்பிய கன்னம், வாயெல்லாம் பல்.

"சார், தோண்டி எடுத்த எலும்பைப் பார்த்து நீங்கதானே எழுதினீங்க? காட்டுல இருந்தவங்க நல்ல உயரம், பல்லுல சொத்தையில்ல. விதைக்க ஆரம்பிச்சப்புறம்தான் குள்ளமாகி முட்டி தேஞ்சுதுன்னு."

"எலும்பு ஆயிரம் சொல்லும்மா. இங்க டிக்கெட் வாங்குறவங்க எல்லாம் விவசாயி வீட்டுப் பிள்ளைங்க. உங்க முப்பாட்டி பல்லு சொத்தைன்னு எழுதி ஒட்டவா?"

அவள் பிளாஸ்டரைக் குழைத்தாள். காட்டுக்காரியைக் கால் நீட்டி உட்காரவைத்துச் சிரிக்கவைத்தாள். மற்றவளுக்குத் தன் அம்மாவின் இடுப்பையே வைத்தாள். அம்மா ஊரார் வயலில் களை பறித்துப் பறித்து இரண்டாக மடிந்துபோனவள். விளைந்ததில் ஒரு மூட்டைகூட அவள் வீட்டுப் படி ஏறியதில்லை. மண்ணைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கும் அந்த முகத்தையும் அப்படியே வைத்தாள்.

"கூனை நிமித்து," என்றார் காப்பாட்சியர். "இல்லேன்னா நாளைக்கு வேற ஆளு வந்து உடைச்சுட்டுச் செய்வான்."

அம்மாவாவது தன் பக்கம் பேசுவாள் என்று கூட்டிவந்து காட்டினாள். அம்மா பிளாஸ்டர் இடுப்பைத் தடவினாள்.

"என்னையா வச்சிருக்க?"

"உன்னைத்தான். உன்னை என்ன பாடு படுத்தினாங்கன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

"பார்த்து உச்சுக்கொட்டிட்டுப் போவாங்க. நிமித்துடி. இங்கயாவது நிமிந்து நிக்கிறேன்."

மகளுக்கு அம்மா மேலேயே கோபம் திரும்பியது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று ரம்பத்தை எடுத்தாள். இடுப்பை அறுத்து, கம்பி கொடுத்து, நிமிர்த்திப் பூசினாள். முகத்தைத் தொடவில்லை. மண்ணை நோக்கிக் கடித்திருந்த பல், இப்போது வாசலில் நுழைகிறவர்களை நோக்கிக் கடித்திருந்தது.

காப்பாட்சியர்தான் முதலில் நுழைந்தார். "என்னம்மா இவ, என்னையே முறைக்கிறா? சிரிப்பு எங்க?"

"இடுப்பைத்தான் சொன்னீங்க," என்று அவள் கை கழுவப் போனாள்.

அவர் முகத்தைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். கழுத்தை ஒருக்களித்து அவரை மேலே பார்த்து, "கையை எடுங்க சார். பூச்சு இன்னும் காயல," என்றாள்.