சிலுவையை முத்தி செய்யாமல் திரும்பிய நாள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். கிணற்றுத் தண்ணீர் முறைக்காக என் அண்ணன் சூசையை மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கையை முறித்தேன். அதற்காக நான் வருந்தவும் இல்லை.

பகையோடு இருப்பவன் பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்யக்கூடாது, குனிந்து முத்தமிடக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. ஒதுங்கி நின்றால் ஊரே கேவலமாகப் பேசும். அதற்குப் பயந்து, "அண்ணனோட ராசியாயிட்டேன் சாமி" என்று பங்குச் சாமியாரிடம் பொய் சொன்னேன்.

அன்று கோயில் வரிசையில் எனக்கு முன்னால் அண்ணன்தான் நின்றான், மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு. சிலுவைக்குக் கிட்டே போனவன் குனியவில்லை.

"தம்பி மேல எனக்கு ஆத்திரம் போகல சாமி. பொய்யா முத்தி செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

சாமியார் என்னைப் பார்த்தார். "ராசியாயிட்டதாச் சொன்னியேப்பா?"

அண்ணன் வீம்பு பண்ணுகிறான் என்று சொன்னால் ஊர் நம்பியிருக்கும். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் ஆண்டவருக்குப் பயந்தான், நான் ஊருக்குப் பயந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"பொய் சொன்னேன் சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வேப்பமரத்தடியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். "நீ எதுக்குடா இங்கிட்டு வந்த?"

"எனக்கும் அங்க நிக்கத் தகுதியில்ல."

"அங்கிட்டுத் தள்ளி உக்காரு. கை வலிக்குது."

தள்ளி உட்கார்ந்தேன். நாங்கள் ராசியாக இன்னும் ஒரு வருஷம் ஆனது. ஆனால் பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போன நான், ஊருக்காக இல்லாமல் நானாக ஜெபித்தது அன்றுதான். அவன் முறிந்த கை கூடட்டும் என்று மட்டும் கேட்டேன்.