நெடுந்தீவுக் கடலில் என்ரை மனுசி

போன வருஷம் சித்திரை கழிந்து தென்மேற்குச் சோழகக் காற்றுத் தொடங்கின கிழமை, நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் நடுக்கடலில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். நான் குருநகர் ஆள். படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ. கடலைப் பற்றி நான் சொல்லுவதில் பிழை இருக்காது.

கூலிக்குக் கடலுக்குப் போன ஆள் நான். இன்றைக்கு பைபர் வள்ளம் கட்டுகிற கொட்டில் இரண்டு வைத்திருக்கிறேன். எந்தக் கரையில் இறங்கினாலும் நான் கட்டின வள்ளம் ஒன்று கிடக்கும். என்னை ஒருவரும் கை தூக்கி விடவில்லை. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, கரையில் யாரையும் கேட்டுப் பாருங்கோ.

சில வருஷத்துக்கு முதல் ஒரு வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் பாய்க்கப்பலில் திருகோணமலைக்கு வந்து நின்றார்கள். இரண்டு வள்ளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே வீடு கட்டினது போல ஒரு கப்பல். எங்கடை கட்டுமரத்தின் பெயரைத்தான் அவர்களும் அதுக்குக் கட்டமரான் என்று வைத்திருக்கிறார்கள். கல்லில் அடிபட்டு அடி வெடித்துப் போச்சு. யாரைக் கேட்டாலும் என்னைத்தான் கை காட்டியிருக்கிறார்கள். போய்ப் பத்து நாள் நின்று பைபர் பூசிக் கொடுத்தேன். எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கடைச் சாப்பாடு ஒத்துவராது, அதனால் மனுசியும் சமைக்கக் கூட வந்தாள்.

அந்தக் கப்பலில் அடுப்பு, கட்டில், உடுப்புக் காயப்போடக் கொடி எல்லாம் இருந்தது. தீவு தீவாகப் போவார்கள், பிடித்த இடத்தில் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். பாஷை தெரியாமலே அந்தப் பெண்ணும் என்ரை மனுசியும் நல்ல சிநேகிதம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனுசி சொன்னாள்:

“அவை ரெண்டு பேரும் ஒண்டாப் போயினம், ஒண்டா வருகினம். நான் இவ்வளவு காலமும் கரையிலை நிண்டு உங்களைப் பாத்ததுதான் மிச்சம்.”

எங்கள் கரையில் பெண்டுகள் தொழிலுக்கு வள்ளம் ஏறுவதில்லை. என்றாலும் அடுத்த வருஷமே அவளுக்காக ஒன்று கட்டினேன். வரைபடம் கிடையாது, கண்ணால் பார்த்ததுதான். இரண்டு வள்ளம், நடுவில் ஒரு அறை, காஸ் அடுப்பு, ஒரு பாய். பார்த்த எஞ்சினியர்மார் தலையில் கை வைத்தார்கள். முதல் நாளே நேராக ஓடினது.

அதிலிருந்து கடற்படையிட்டை அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு ஞாயிறு பூசை முடிய வெளிக்கிட்டு விடுவோம். எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு. மூன்று நாள், நாலு நாள். அவள் தளத்தில் மிளகாய் காயப்போடுவாள். தீவுப் பெண்களுக்கு மரக்கறி கொண்டுபோய்க் கொடுத்துக் கருவாடு வாங்கி வருவாள். கலியாணம் கட்டின புதிதில்கூட நாங்கள் அவ்வளவு கதைத்தது கிடையாது.

ஒன்று மட்டும் நான் விடவில்லை. “இஞ்சருங்கோ, உந்தச் சுக்கானை என்னட்டையும் ஒருக்காத் தாங்கோவன்” என்று கேட்பாள்.

“நான் இருக்கேக்கை உனக்கேன் உந்தக் கரைச்சல்? நீ சோத்தைப் பார்.”

“எந்த நேரமும் இருப்பியளோ?”

“ஏன், எங்கை போகப் போறன்?”

கடற்படைப் பெடியள் லைஃப் ஜாக்கெட் போடு போடு என்று நிற்பார்கள். அவர்களின் கண் மறைந்ததும் கழற்றிக் கீழே போட்டு அதுக்கு மேலே குந்தியிருப்பேன். கடலில் வளர்ந்த எனக்கு ஜாக்கெட்டோ?

அன்றைக்கு நெடுந்தீவிலிருந்து திரும்பி வருகிறோம். காலை பத்து மணி இருக்கும். காற்று முதுகுப் பக்கம், பாய் நிறைந்து நல்ல ஓட்டம். மனுசி உள்ளே மீன் பொரிக்கிறாள். நான் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு, ஒன்றுக்கு இருக்கப் பின்பக்கம் போனேன். ஒரு கையில் உடுத்திருந்த சாரம், மற்றக் கையில் கயிறு. ஒரு அலை பின்பக்கத்தைத் தூக்கி விட்டது. அவ்வளவுதான், தண்ணிக்குள் கிடக்கிறேன்.

மேலே வந்து பார்த்தால் என்ரை கப்பல் தன்பாட்டுக்குப் போகிறது. கூப்பிட்டேன். மீன் பொரிகிற சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நாலு பாகத் தண்ணி, நாலு ஆள் ஆழம், கால் முட்டாது. ஈரச் சாரம் காலைக் கட்டினது, உதறி விட்டேன். ஒரு காலத்தில் இந்தக் கடலை நீந்திக் கடப்பேன். அறுபத்தெட்டு வயதில் தோள்மூட்டு எழும்பவில்லை. என்னை விடுங்கோ, அவளுக்குப் பாய் இறக்கத் தெரியாது, சுக்கான் திருப்பத் தெரியாது. தனியப் போய் எந்தக் கல்லில் அடிபடப் போகிறாளோ என்றுதான் பயந்தேன். படிப்பிக்காமல் விட்டது நான்தானே.

கப்பல் ஒரு விளையாட்டு மைதானத் தூரம் போயிருக்கும். பாய் பொத்தென்று விழுந்தது. கயிறு அறுந்து போச்சு, என்ரை வேலை பிழைத்துப் போச்சு என்று நினைத்தேன். பிறகு கப்பலின் மூக்கு மெல்ல என் பக்கம் திரும்பினது. நங்கூரம் கடித்திருக்கிறது. பார்த்தால், என்னைக் காணாமல் வெளியே வந்த மனுசி தளத்தில் நிற்கிறாள். ஒரு கையை நீட்டி என்னையே சுட்டிக்கொண்டு நிற்கிறாள். கண்ணும் எடுக்கவில்லை, விரலும் எடுக்கவில்லை. இந்த நேரத்திலும் என்னைத் திட்டுகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

காற்றும் அலையும் என்னை அவள் பக்கம் தள்ளினது. ஆனால் நீரோட்டம் ஒரு பக்கமாக இழுத்ததில் கப்பலுக்குக் கிட்ட வந்தும் பிடிக்க முடியாமல் கடந்து போகிறேன். அப்போதுதான் கண்டேன், கப்பலுக்குப் பின்னால் நீளக் கயிற்றில் ஒரு வெறும் பிளாஸ்டிக் தண்ணிக் கான் மிதக்கிறது. விரலை எடுக்காமலே மற்றக் கையால் அதை விட்டிருக்கிறாள். நாலு எத்து எத்திக் கயிற்றைப் பிடித்தேன். அவள் கயிற்றை ஒரு கட்டையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள்.

ஏணியில் ஏற, முகத்தைப் பார்க்காமல் ஒரு துவாயை எறிந்தாள். “முதல்லை உதைக் கட்டுங்கோ. நேவிக்காரர் கண்டால் மானம் போகும்.”

கட்டி முடித்த பிறகுதான் கிட்ட வந்தாள். என்ரை முதுகைத் துடைத்துத் துடைத்து அழுதாள். உள்ளே மீன் கரிந்து மணத்தது.

“உனக்கு ஆர் உதெல்லாம் பழக்கினது?” என்று கேட்டேன்.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. திருகோணமலையில் அந்தக் கப்பலைத் தண்ணியில் இறக்கி ஓடிப் பார்த்த நாள், நானும் வெள்ளைக்காரனும் அடியில் ஒழுக்குப் பார்க்கத் தலையை விட்டுக்கொண்டு கிடந்தோம். மேலே அந்தப் பெண் ஒரு மெத்தையைக் கடலில் எறிந்து, அது அலைக்குள் கண்ணுக்குத் தப்பாமல் இருக்க விரலால் சுட்டி, இவளையும் சுட்ட வைத்திருக்கிறாள். பிறகு பாயை விழுத்தி, நங்கூரம் போட்டு, கயிற்றில் கான் கட்டி விட்டுக் காட்டியிருக்கிறாள். மூன்று தரம். கடைசியாகத் தன் புருசனைக் காட்டி, என்னைக் காட்டி, கடலைக் காட்டினாளாம்.

“ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

“நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?”

இதுக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கோ. குருநகர் கரையில் துவாயோடு இறங்கினதைக் கண்டு ஆட்கள் கேட்க, கயிறு ஒன்று சிக்கினது, குதித்து எடுத்துவிட்டு நீந்தி வந்து ஏறினேன் என்று சொன்னேன். எல்லாரும் இந்த வயதிலும் பார் என்று வியந்தார்கள். மனுசி பக்கத்தில் நின்று மிளகாய்ச் சுளகைத் தூக்கினாள். வீட்டுக்குப் போகிற வழியில் மட்டும், “எந்தக் கயிறப்பா சிக்கினது?” என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தப் பொய்யை இன்றைக்கு இந்த எழுத்தால் திருத்துகிறேன். கரை ஆட்களும் வாசிக்கட்டும்.

இப்போது நான் ஜாக்கெட் போட்டு இடுப்பில் கயிறும் கட்டித்தான் பின்பக்கம் போவேன். சுக்கான் முக்கால்வாசி நேரம் அவள் கையில். வளைவில் கொஞ்சம் அவசரப்படுவாள், மற்றபடி என்னைவிட மென்மையாக ஓட்டுகிறாள். எனக்கு அவளைவிட ஆறு வயது கூட; என்றைக்கோ ஒரு நாள் தளத்தில் நான் இருக்கமாட்டேன், அன்றைக்கும் அவள் பயமில்லாமல் கரைக்கு வர வேண்டும் என்று, ஒவ்வொரு பயணத்திலும் ஒரு வேலையாவது அவளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன்.